டீப் ஆட்டமா, டீப் வின்டரா? மாநிறத்துக்கு எந்தக் கலர் எடுக்கும்?

கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர், வயது 27, புதுச்சேரியில் வேலை. தை மாதம் கல்யாணம். மாநிறம், கருப்பு முடி, அடர் பழுப்புக் கண். முகத்தின் படத்தைப் பார்த்து, எந்தக் கலர் எடுக்கும் என்பதை ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், வின்டர் என்று நாலு பருவப் பெயர்களில் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. போனில் அப்படி ஒரு செயலி அவரை ‘டீப் ஆட்டம்’ என்றது. அதே வாரம் இன்னொரு செயலி ‘டீப் வின்டர்’ என்றது. அம்மாவோ, “நம்ம நிறத்துக்கு அரக்கும் மெரூனும்தான் எடுக்கும், வெளிர் கலர் பக்கமே போகாத” என்கிறார். இணையம் வழியாக ஒருவரிடம் 4,500 ரூபாய் கொடுத்து நிறம் பார்த்துக்கொள்ளலாமா, இந்த நாலு பருவக் கணக்கு நம் தோலுக்கு ஒத்து வருமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் அந்த 4,500 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தையற்கூலிக்கு உதவும். இரண்டு செயலிகளும் ஆளுக்கொன்று சொன்னது போலத் தெரிந்தாலும், முக்கால்வாசி ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பதினாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் ஐந்து வருடம் புடவை விரித்துக் காட்டினேன். நடுவில் ஆசைப்பட்டு இந்தப் பருவ நிறக் கணக்கையும் இணையத்தில் படித்து, தோளில் போட்டுப் பார்க்கும் துணிகளையும் ஒரு செட் வாங்கினேன். முதல் பத்துப் பேருக்குப் பார்த்தேன். பத்துப் பேரும் ஆட்டம்! (நம் ஊர் ஆட்டம் இல்லை, இலையுதிர் காலம்.) என்னடா இது, ஊரே ஒரே பருவமா என்று யோசித்தபோதுதான் கடைச் சுவரைப் பார்த்தேன். புதுச்சேரி வெள்ளைக்காரத் தெருவின் (ஒயிட் டவுன்) கட்டடங்களைப் பார்த்து ஆசையாக அடித்த கடுகு மஞ்சள். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வந்தவர்கள் எல்லார் முகத்திலும் மஞ்சள் பூசிவிட்டிருக்கிறது. அடுத்த வாரமே ஒரு மூலைக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். பத்துப் பேரில் நாலு பேருக்கு முடிவு மாறியது. செயலிகள் ஏன் ஆளுக்கொன்று சொல்கின்றன என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. நீங்கள் எந்த அறையில், எந்த விளக்கின் கீழ் படம் எடுத்தீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. போதாததற்கு போன் கேமராவே நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிட்டுத்தான் படத்தைக் கொடுக்கிறது.

ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது பழைய கண்டுபிடிப்பு. மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824-இல் பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கருப்பை ஒட்டி நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வலுவிழந்ததாகக் காட்டின. இதை விரித்து 1839-இல் பெரிய நூலாக எழுதினார். அதில் உடை நிறத்துக்கும் முக நிறத்துக்கும் உள்ள உறவும் வருகிறது. நாம் “இந்தக் கலர் உனக்கு எடுக்குது” என்று சொல்வதன் பின்னால் இருக்கும் வேலை இதுதான். இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கழுத்தை ஒட்டிய துணி வெளிச்சத்தைத் தாடைக்கும் கன்னத்துக்கும் திருப்பி அடிக்கிறது. பச்சைத் துணி பக்கத்தில் இருந்தால் தோலில் உள்ள செம்மை கொஞ்சம் தூக்கித் தெரியும். அதே துணி தாடைக்கு அடியில் பச்சைச் சாயலையும் வீசும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் எது ஜெயிக்கும் என்று வாயால் சொல்லிவிட முடியாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பருவப் பெயர்கள் வந்தது பிற்பாடு. யோஹன்னஸ் இட்டன் என்ற சுவிஸ் ஓவிய ஆசிரியர், தன் மாணவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்கும் நிறங்கள் அவரவர் முடிக்கும் தோலுக்கும் பொருந்தி நிற்பதைக் கவனித்து, 1961-இல் வந்த தன் நிற நூலில் எழுதினார். அமெரிக்காவில் சுசான் கேகில் ஆளுக்கேற்ற பருவம் என்ற கணக்கை வளர்த்தார். 1980-இல் கேரல் ஜாக்சன் எழுதிய ‘கலர் மீ பியூட்டிஃபுல்’ அதை நாலே பெட்டிகளாக்கி வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பிறகு நாலு பன்னிரண்டானது. இப்போது சிலர் பதினாறு என்கிறார்கள்.

அந்த நாலையும் நம் புடவைக்கடைப் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஸ்பிரிங் என்றால் மஞ்சள் சாயலும் பளிச்சும் உள்ள, லேசான நிறங்கள்: கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், பவளம். சம்மர் என்றால் நீலச் சாயல் கலந்து, மங்கலாக, லேசாக இருப்பவை: லாவண்டர், சாம்பல் நீலம், பழைய ரோஸ். ஆட்டம், மஞ்சள் சாயலோடு மங்கலும் அடர்த்தியும் சேர்ந்தது: செங்கல், காப்பிக்கொட்டை, பாசி, கடுகு. வின்டர், நீலச் சாயலோடு பளிச்சும் அடர்த்தியும் சேர்ந்தது: மெஜந்தா, ராமர் நீலம், சுத்த வெள்ளை, கருப்பு. இதில் சம்மர் என்று கேட்டதும் கடலூர் அக்னி நட்சத்திரத்தை நினைத்துக்கொண்டு ஆரஞ்சு வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். இது ஐரோப்பாவின் கோடை. புகைமூட்டம் போட்டது மாதிரி இருக்கும். நமக்கோ பருவம் ஆறு, அதில் இலை பழுத்து ஊரே சிவக்கும் காலம் ஒன்றுகூடக் கிடையாது. பெயர்களை அடையாளச் சீட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வானிலையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

நம் தோலுக்கு ஒத்து வருமா என்று கேட்டீர்களே, அங்கேதான் சிக்கல். இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முடி பொன்னிறம், செம்பு, பழுப்பு, கருப்பு என்று பல. கண்ணும் நீலம், பச்சை, பழுப்பு என்று பல. அவற்றை வைத்துப் பிரித்தார்கள். நம் ஊரில் தெருவுக்கு நூறு பேரை நிறுத்தினாலும் முடி கருப்பு, கண் பழுப்பு. அதனால்தான் ஜாக்சன் புத்தகம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலானோரை ஒட்டுமொத்தமாக வின்டரில் போட்டது. உங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பொது நிறம், ஒருவர் மாநிறம், ஒருவர் நல்ல கருப்பு, ஒருவர் மஞ்சள் பாரித்த எலுமிச்சை நிறம். எல்லாருக்கும் ஒரே பெட்டி என்றால் பெட்டி எதற்கு?

அதனால் பருவப் பெயரை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் மூன்று அளவைகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நிறத்தின் சாயல் மஞ்சள் பக்கமா, நீலப் பக்கமா. அடர்வா, வெளிரா. பளிச்சா, மங்கலா. ஏறக்குறைய இதே மூன்றைத்தான் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் 1905-இல் நிறத்தை அளக்க வகுத்துக் கொடுத்தார். துணி எந்த நாட்டில் நெய்தது, தோல் யாருடையது என்பதெல்லாம் இந்த மூன்றுக்கும் பொருட்டில்லை.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வரலாம். டீப் ஆட்டம், டீப் வின்டர் இரண்டிலும் ‘டீப்’ என்பது பொது. அதாவது அடர்த்தி விஷயத்தில் இரண்டு செயலிகளும் ஒத்துப்போகின்றன. முக்கியமாகச் சாயலில்தான் ஒன்று உங்களைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளியது, இன்னொன்று கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளியது. மாநிறத்தில் நிறையப் பேர் அந்த நடுக்கோட்டில்தான் இருப்பார்கள். தோலின் நிறம் மெலனின், ரத்தத்தின் செம்மை, கரோட்டின் எல்லாம் சேர்ந்த கலவை. ஒரே பக்கம் சாய்ந்தே தீர வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. நடுக்கோட்டில் இருப்பது உங்களுக்கு லாபம். இரண்டு பக்கத்து அடர் நிறங்களும் உங்களுக்கு வரும். நுனியில் இருப்பவை மட்டும்தான் ஒத்துக்கொள்ளாது: அந்தப் பக்கம் பளீர் ஆரஞ்சு, இந்தப் பக்கம் ஐஸ் மாதிரி வெளுத்த ரோஸ்.

மணிக்கட்டு நரம்பைப் பார்த்துச் சாயல் சொல்லும் வழியை மறந்துவிடுங்கள். பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல், நீலமாகத் தெரிந்தால் நீலச் சாயல் என்பார்கள். நம் தோலில் நரம்பு பெரும்பாலும் பச்சையாகத் தெரியும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. நரம்பு நிறம் மாறுவதில்லை, மேலே இருக்கும் தோல் வெளிச்சத்தை வடிகட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைவிட நல்ல சோதனை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அப்பாவின் வேட்டி ஒன்று, சொட்டு நீலம் போட்டுத் துவைத்தது. அது நீலச் சாயல் வெள்ளை. இன்னொன்று வெளுக்காத கோராத் துணி, இரண்டு மீட்டர் வாங்கினால் போதும். அது மஞ்சள் சாயல் வெள்ளை. காலை ஒன்பது, பத்து மணிக்கு, நேர் வெயில் படாத திண்ணையிலோ வடக்குப் பார்த்த ஜன்னல் அருகிலோ கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். முகத்தை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். மஞ்சள் பூசும் வழக்கம் இருந்தால் இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பொட்டு, கம்மல், சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். மருதாணி போட்ட முடி செம்பாக இருக்கும், அதை ஒரு வெள்ளைத் துணியால் கட்டி மறைத்துவிடுங்கள். கார்த்திகை மாத மேகமூட்டம் இதற்கு ரொம்ப நல்லது, நிழலே விழாத வெளிச்சம். பிறகு இரண்டு துணிகளையும் மாற்றி மாற்றித் தாடைக்கு அடியில் பிடியுங்கள். துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை கூடுகிறதா, வாயோரத்து நிழல் ஆழமாகிறதா, தோல் ஒரே சீராகத் தெரிகிறதா? கூட ஒருவர் இருந்து பார்த்துச் சொன்னால் நல்லது, ஆனால் அம்மா வேண்டாம். அம்மாக்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் பார்க்க வருவார்கள்.

இரண்டு வெள்ளையும் ஒரே மாதிரி இருக்கிறதென்றால் நீங்கள் நடுக்கோட்டு ஆள். உங்களுக்கு அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழில் ‘கலரா இருக்கா’ என்றால் சிவப்பாக இருக்கிறாள் என்றுதான் அர்த்தம். கடைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதேதான்: “இதப் போட்டா கலரா தெரிவேனா?” இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எந்த நிறக் கணக்கையும் போட முடியாது. துணி உங்கள் நிறத்தை மாற்றாது. நல்ல துணி செய்வது வேறு. அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது, களை. கருப்பானவர் முகத்தில் களை இருக்கும், சிவப்பானவர் முகம் களையில்லாமல் சோர்ந்தும் இருக்கும். கண்ணாடி முன்னால் நீங்கள் தேட வேண்டியது அந்தக் களையைத்தான். என் அனுபவத்தில் நம் தோலுக்குக் களை தருவதிலும் கெடுப்பதிலும் சாயலுக்கு மூன்றாவது இடம்தான். அடர்த்தியும் பளிச்சும் முந்திக்கொள்ளும்.

இங்கே உங்கள் அம்மா சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. அரக்கும் மெரூனும் எடுக்கும், வாஸ்தவம். வெளிர் நிறம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மாநிறத்துக்கு ஆகாதது எதுவென்றால், தோலின் அடர்த்திக்கே கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் மங்கல் நிறம். பிஸ்கட், மண், மங்கலான பீச், வெளுத்த காப்பி. முகம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆண்களின் சந்தனச் சட்டையை நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டு பந்தியோடு பந்தியாகக் கரைந்துபோவார்கள். அதே ஆள் சுத்த வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று நிற்பார். வெள்ளையும் வெளிர்தானே? தெளிவான எலுமிச்சை மஞ்சள், மல்லிகை மொட்டு நிறம், சுத்தமான வெளிர் பச்சை எல்லாம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் அழகாகவே வரும், ஏனென்றால் தோலிலிருந்து விலகி நிற்கின்றன.

இதைச் சரிபார்க்க போனையே பயன்படுத்தலாம். துணியைத் தோளில் போட்டு ஒரு படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முகமும் துணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். ஒன்று தெளிவாக அடர்ந்தும் இன்னொன்று தெளிவாக வெளுத்தும் தெரிந்தால் தைரியமாக எடுங்கள். கேமரா நிறத்தைத் திருத்தினாலும் இந்தச் சோதனையில் பெரிதாக ஏமாற்ற முடியாது. பியூட்டி ஃபில்டரை மட்டும் அணைத்துவிடுங்கள்.

சரி, உங்களுக்கு என்ன எடுக்கும்? பாட்டில் பச்சை, கத்திரிப்பூ, எம்.எஸ். நீலம், மயில்கழுத்து, அரக்கு, மாந்தளிர், நாவல்பழ நிறம். மயில்கழுத்தைக் குறிப்பாகச் சொல்வேன். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நீலத்தையும் பச்சையையும் சேர்த்து நெய்யும்போது, மடிப்புக்கு மடிப்பு சாயல் மாறிக்கொண்டே இருக்கும். நடுக்கோட்டு ஆளுக்கு இதைவிடச் சௌகரியமான புடவை கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்ந்து கொடுக்கும். வாடாமல்லியும் வரலாம், ஆனால் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். சிலருக்கு அந்த நிறம் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார்.

எங்கள் ஊர் நீலத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே வேல மரப் பிசின் வாங்க அதுவே பணம் மாதிரிப் புழங்கியது. அவுரி நீலம் அடர்வானது, ஆனால் கத்தாது; லேசான மங்கல் அதற்குள்ளேயே இருக்கும். கருப்பு, மாநிறம், பொது நிறம் என்று என் கடைக்கு வந்த யாரையும் அது கைவிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக் கட்டச் சொல்லவில்லை, மறுவீட்டுக்கு ஒரு பருத்திப் புடவையாக எடுத்து வையுங்கள்.

அப்புறம், புடவை கட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கவுனோ சுடிதாரோ என்றால் முகத்தை ஒட்டி ஒரே நிறம்தான். புடவையில் முகத்தை ஒட்டி இருப்பது பிளவுஸும் தோளில் விழும் முந்தானையும் மட்டும்தான். உடல் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிளவுஸை வைத்துச் சரிக்கட்டிவிடலாம். மாமியார் வீட்டில் வெங்காயச் சருகு நிறத்தில் முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். புடவையை மாற்ற வழியில்லை. கத்திரிப்பூ நிறத்தில் பிளவுஸ் தைத்து, முந்தானையின் அகல ஜரிகை தோளில் விழும்படி மடிப்பு வைத்துக் கொடுத்தேன். முகம் தெளிந்துவிட்டது. சர்ச்சில் கல்யாணம் செய்யும் பெண்களுக்கு வெள்ளையா ஐவரியா என்ற கேள்வி வரும்போதும் அந்த வேட்டி, கோராச் சோதனையைத்தான் செய்து பார்க்கிறேன்.

கடையில் வாங்கும்போது விளக்கை நம்பாதீர்கள். மஞ்சள் எல்இடி 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தை அளக்கும் அலகு) பக்கம் இருக்கும், வெள்ளை டியூப் 6500 வரை போகும்; ஒரே அரக்கு ஒன்றில் செங்கலாகவும் இன்னொன்றில் ஒயினாகவும் தெரியும். கடலூர் லாரன்ஸ் ரோடானாலும் புதுச்சேரி நேரு வீதியானாலும், “வெளிச்சத்துல பாத்துக்கலாமா” என்று கேட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மேட்சிங் பிளவுஸ் துணிக்கு இது இன்னும் முக்கியம். கடைக்குள் அச்சாகப் பொருந்திய பிட், வெயிலுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிடும். இரண்டிலும் இருக்கும் சாயம் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். கடைக்காரர் மேல் தப்பில்லை. மண்டபத்தில் என்ன விளக்கு என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்க எல்லா ஜோடியும் இப்போது வெள்ளைக்காரத் தெருவுக்குத்தான் வருகிறது. அந்த மஞ்சள் சுவர் முன்னால் மஞ்சளும் பீச்சும் போட்டு நிற்காதீர்கள், என் பழைய கடை மாதிரி ஆகிவிடும். அவுரி நீலமோ பாட்டில் பச்சையோ சுத்த வெள்ளையோ போட்டு, சுவரை விட்டு நாலடி தள்ளி நில்லுங்கள்.

முகூர்த்தத்துக்கு அம்மா ஆசைப்படும் அரக்கையே கட்டுங்கள். கொஞ்சம் நீலம் கலந்த, ஒயின் பக்கம் சாயும் அரக்கு கிடைத்தால் உங்களுக்கு இரண்டு பக்கமும் சரி. வரவேற்புக்கு மயில்கழுத்து. பிளவுஸ் துணியை மட்டும் இந்த வாரமே எடுத்து மார்கழி பிறப்பதற்குள் தைக்கக் கொடுத்துவிடுங்கள். தை பிறந்துவிட்டால் கடலூரிலும் சரி, இங்கேயும் சரி, எந்தத் தையற்காரரும் உங்கள் போனை எடுக்க மாட்டார். நான் உட்பட.